ஏழாம் எண் பூட்ஸ்

நூலகம் கட்டப்போகும் இடத்தில் ரசாயனம் ஊறிய விஷமண்ணை அள்ளிக்கொண்டிருந்தார்கள். குழிக்குள் போட்ட பூட்ஸ் வாசலைத் தாண்டக் கூடாது. அதைக் கழுவி வைப்பது காவலாளிப் பெரியவரின் வேலை. பன்னிரண்டு ஆளுக்குப் பன்னிரண்டு ஜோடிதான். மூன்று நாளாகப் பதின்மூன்று வந்தது. ஏழாம் எண் எழுதியது இரண்டு ஜோடி. ஏழு அவர் மகனுடையது.

"எண்ணத் தெரியலையா பெருசு?" என்று மேஸ்திரி சிரித்தார்.

நாலாம் நாள் பெரியவர் மகனை வீட்டுக்குள் வைத்துப் பூட்டினார்.

"வேலை போயிடும்ப்பா!"

"போனாப் போவுது. நீ இருந்தாப் போதும்டா."

மாலையில் மகனின் பூட்ஸ் சேறு படாமல் அலமாரியில் இருந்தது. குழியிலிருந்து பன்னிரண்டு ஜோடி சேற்றோடு வந்தது.

"உன் பையன் இன்னைக்குத்தான் ஒழுங்கா வேலை பார்த்தான். வாயே திறக்கல," என்றார் மேஸ்திரி. "இப்பத்தான் வீட்டுக்குக் கிளம்பினான்."

பெரியவர் சேற்று ஏழுக்குள் கையை விட்டார். சூடு ஆறவில்லை. இடுப்பைத் தடவினார். வீட்டுச் சாவி இருந்தது.