மஞ்சள் சட்டைக்கு முன்னால்

"இன்னும் வரலையா அந்த அம்மா?"

டகி கைகளைத் தேய்த்துக்கொண்டே கேட்டான். சிக்னல் ஹில் உச்சியில் தென் துருவக் குளிரோடு வந்த தெற்குக் காற்று ஆளைத் தூக்கியது. மேடு ஏறும்போது கொட்டிய வியர்வை இப்போது முதுகில் ஐஸாகிக்கொண்டிருந்தது.

"வருவா. அலிஸ்டர் கூட இருக்காருல்ல?" என்றாள் க்ளப் கேப்டன் ரோனா.

சனிக்கிழமை மத்தியானம் என்றால் மழையோ வெயிலோ, நியூசிலாந்தின் டனீடன் நகர மேடுகளில் ஏறி ஓடுகிற கூட்டம் அது. யாரையும் பின்னால் விட்டுவிட்டு வரக்கூடாது என்பது க்ளப் சட்டம். அதற்காகவே ஒருவர் மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு எல்லாருக்கும் கடைசியில் ஓடுவார். எவ்வளவு மெதுவாக ஓடுகிறவரையும் மஞ்சள் சட்டை தாண்டாது.

ஒரு வருஷமாக அந்தச் சட்டையை அலிஸ்டர்தான் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்கிறார். ஒரு காலத்தில் க்ளப்பின் சாம்பியன். அந்த மனிதர், ஸ்கூல் பஸ் ஓட்டுகிற இந்த லின்லிக்காகத் தன் ஓட்டத்தையே விட்டுக்கொடுத்துவிட்டு ஊர்ந்து வருகிறார். நினைத்தாலே ரோனாவுக்கு எரிச்சலாக வரும்.

வளைவில் லின்லியின் தலை தெரிந்தது. பின்னாலேயே மஞ்சள் சட்டை.

"அந்த ஷூவைப் பாரேன்! ஊதாக் கயிறு வேற. தோட்டத்துக்குத் தண்ணி ஊத்தப் போற மாதிரி இருக்கு," என்று டகி சிரித்தான். அவன் காலில் கார்பன் தகடு வைத்த புது ஷூ. மணிக்கட்டில், விடுகிற மூச்சைக்கூட எண்ணிச் சொல்லும் கடிகாரம்.

"சபாஷ் லின்லி!"

எல்லாரும் கை தட்டினார்கள். தட்டிய கையோடு கிளம்பியும் விட்டார்கள். எப்போதும் அப்படித்தான். முதலில் வந்தவர்களுக்கு நல்ல ஓய்வு. கடைசி ஆளுக்குக் கைதட்டல் மட்டும்.

அலிஸ்டர் கம்பளித் தொப்பியைக் கழற்றி வேலிக் கம்பத்தில் மாட்டிவிட்டு வழுக்கையைத் துடைத்தார்.

"நீங்க போங்க கேப்டன். இவளை நான் கூட்டிட்டு வர்றேன். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கட்டும், பாவம்."

லின்லி குனிந்து, அவிழாத ஷூ கயிற்றை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.

கீழே க்ளப் அறையில் டீயும் சூடான சீஸ் ரோலும் காத்திருந்தன. தொடர் ஓட்டத்துக்கு அணி அறிவிக்க வேண்டிய நாள். மேட்டுப் பகுதி ஓட ஒரு பெண் வேண்டும். "இந்த வருஷமாவது எனக்கு ஒரு சான்ஸ் கொடுப்பீங்களா?" என்று போன வாரம் லின்லி தயங்கித் தயங்கிக் கேட்டிருந்தாள்.

ரோனா அலிஸ்டரைத் தனியாக ஓரம் கட்டினாள். "நீங்கதான் வாரா வாரம் கூடவே ஓடுறீங்க. தேறுவாளா?"

அவர் உதட்டைப் பிதுக்கினார். "நல்ல பொண்ணுதான். ஆனா மேடுன்னா அவளுக்கு ஆகவே ஆகாது. எல்லார் முன்னாடியும் அவமானப்படுத்தின மாதிரி ஆயிடும். வேண்டாம்."

எவ்வளவு நல்ல மனசு என்று நினைத்துக்கொண்டாள் ரோனா. வேறொரு பெண்ணின் பெயரைப் போட்டு, போட்டி நடத்துகிறவர்களுக்குப் போனிலேயே அனுப்பி, அறிவித்தும் விட்டாள். இனி மாற்ற முடியாது. லின்லியும் மற்றவர்களோடு சேர்ந்து கை தட்டினாள்.

ரோனா வீட்டுக்குப் போகும் வழி அந்த மேட்டுப் பாதைதான். இருட்டத் தொடங்கியிருந்தது. கார் கடைசி வளைவில் திரும்பியபோது முன்னால் ஒரு உருவம் ஓடிக்கொண்டிருந்தது. டகியே பாதியில் நடந்து ஏறுகிற செங்குத்து. அந்த உருவமோ சமதரையில் போவதுபோல் போனது.

'யாரப்பா இது? நம்ம க்ளப்புக்கு இப்படி ஒரு ஆள் கிடைக்கக் கூடாதா!'

காரின் வெளிச்சத்தில் ஊதாக் கயிறு பளிச்சிட்டது.

ரோனா உச்சியில் வண்டியை நிறுத்தி இறங்கினாள். லின்லி வேலிக் கம்பத்திலிருந்து அலிஸ்டரின் தொப்பியை எடுத்துக்கொண்டிருந்தாள். பெரிதாக மூச்சுகூட வாங்கவில்லை.

"மறந்துட்டுப் போயிட்டாரு. மழையில நனைஞ்சிடும்," என்றாள், ஏதோ திருடி மாட்டிக்கொண்டவள் மாதிரி.

"லின்லி... உன்னால இப்படி ஓட முடியுமா? அப்புறம் எதுக்கு வாரா வாரம் கடைசியா வந்து எல்லார்கிட்டயும் பேச்சு வாங்குற?"

லின்லி தொப்பியில் ஒட்டியிருந்த ஈரத்தைத் தட்டினாள்.

"முட்டி ஆபரேஷனுக்கு அப்புறம் அவரால முடியல கேப்டன். இறக்கத்துலகூடக் கால் நடுங்குது. தனியா கடைசியில வந்தா எல்லாருக்கும் தெரிஞ்சு போயிடும். முன்னால ஒருத்தி மெதுவா ஓடினா, அவர் எனக்காக வர்றதா ஆயிடுது இல்ல? தயவுசெஞ்சு யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. அவருக்கு ஓட்டத்தை விட்டா வேற ஒண்ணும் கிடையாது."

ரோனாவுக்கு அலிஸ்டர் உதட்டைப் பிதுக்கியது கண் முன்னால் வந்து நின்றது.

"என்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. உன்னை அணியில..."

"விடுங்க கேப்டன், எனக்கு வருத்தமில்ல," என்று லின்லி தொப்பியைப் பத்திரமாக ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள். "எனக்காக அலிஸ்டர் உங்ககிட்ட எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தாராமே. நீங்கதான் பிடிவாதமா மாட்டேன்னுட்டீங்களாம்."