தண்ணீரில் விரியும் சிவப்பு

கிட்டாரின் வெற்று உடலுக்கு வெள்ளைப் பூச்சு அடித்து ஒன்பது நாள் ஆகிறது. தண்ணீரில் மிதக்கும் பெயின்டில் அதை முக்கி எடுத்து நிறமேற்ற வேண்டும்; இன்று நிறம் தேர்ந்தெடுக்க அவள் பெயின்ட் கடையில் நிற்கிறாள். கடைக்காரர் ஸ்குரூடிரைவரால் டப்பா மூடியை நெம்புகிறார். பெயின்ட் மேலே பரவுவதற்காக வெங்காரப் பொடி கரைத்த வாளித் தண்ணீரில் ஒரு சொட்டுச் சிவப்பு விழுந்ததும் அகல விரிகிறது. அதன் நடுவே மஞ்சள் வளையமாகப் படர்கிறது. பச்சை மட்டும் கல் மாதிரி அடியில் போய் உட்கார்கிறது. “இதுக்கு நீச்சல் தெரியல,” என்கிறார். “ஆமா, நீங்க செய்யறது கிட்டாரா, மிட்டாய் டப்பாவா?” அவள் சிரிக்கிறாள். காலையிலிருந்து அவளிடம் யாரும் பேசவில்லை.

அவர் குச்சியால் கலக்கியதும் நிறங்கள் சுழி சுழியாக நெளிகின்றன. ஒரு மரத்துண்டை அதில் முக்கி எடுக்கிறார். மேலே மிதந்த மிச்சப் பெயின்ட் அதன்மேல் அப்பி, சுழிகளெல்லாம் சேறாகிவிடுகின்றன. “பாத்தீங்களா? கட்டை உள்ள இருக்கறப்பவே இன்னொருத்தர் மேல மிதக்கறத ஒதுக்கணும். இல்லன்னா அத்தனை வேலையும் பாழ். உங்க ரெண்டு கையும் கட்டையப் பிடிக்கவே சரியாயிருக்கும். அக்காதான் ஒதுக்குவாங்கன்னு போன வாரம் சொன்னீங்களே?”

அவள் தலையாட்டுகிறாள். மேலே விளக்கு ரீங்கரிக்கிறது.

“ஒரு நாள் கூட்டிட்டு வாங்களேன். கலர் அவங்களுக்கும் பிடிக்க வேணாமா?” சிவப்பையும் மஞ்சளையும் காகிதத்தில் சுற்றி நீட்டுகிறார். அவள் வாங்கவில்லை. ஈரமான மரத்துண்டையே பார்க்கிறாள்.

“எனக்கு அக்காவே கிடையாதுண்ணே.”