மணை

மணியை அழுத்தியதும் உள்ளேயிருந்து ஓர் ஆண்குரல் கத்தியது. "ஏய், யாருன்னு பாரு!"

கதவைத் திறந்தவள் மாமி.

ஹம்மாத் தன் கனத்த ஷூவைக் கழற்றி வாசலில் இருந்த ஸ்டாண்டில் வைத்தான். மந்தைவெளியில் எந்த வீட்டுக்குப் போனாலும் இதேதான். கரண்ட் வேலை பார்க்க வருகிறவன் வெறுங்காலோடு உள்ளே போவதுதான் மரியாதையாம், என்ன செய்ய.

பாத்திரம் கழுவும் மெஷினில் தண்ணீர் சூடாகவில்லை என்று புகார். கொடுத்தவர் ஸ்ரீரங்கன், மாமியின் கணவர். ரிட்டயர் ஆன பிறகு கோபப்படுவதையே முழுநேர வேலையாக எடுத்துக்கொண்டவர் போலிருந்தார்.

சமையலறை வரைக்கும் கூடவே வந்தார்.

"இத்தனை வருஷமா இவளுக்கு ஒரு டம்ளரை ஒழுங்காத் தேய்க்கத் தெரியலை. அதான் மெஷின் வாங்கினேன். இதுல அடுக்கவும் தெரியாது, அதையும் நானேதான் பண்றேன்."

மாமியை வைத்துக்கொண்டே சொன்னார். மாமி சிரிக்கவுமில்லை, முகம் சுளிக்கவுமில்லை. ஹம்மாத்துக்குத்தான் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

அவர் ஹாலுக்குத் திரும்பியதும், மாமி ஒரு மர மணையைக் கொண்டுவந்து மெஷின் முன்னால் போட்டாள்.

"தரையெல்லாம் ஈரம்ப்பா. இதுல உக்காந்துக்கோ. காலையும் மேலயே வெச்சுக்கோ."

வீட்டு மனிதர்களைச் சாப்பிட உட்கார வைக்கிற மணை. சில வீடுகளில் குடிக்கத் தண்ணீர் கேட்டாலே அவன் பெயரைக் கேட்டுவிட்டு வேறு டம்ளர் தேடுவார்கள். இங்கே மணை! ஹம்மாத்துக்கு மனசு நிறைந்துவிட்டது.

சம்மணம் போட்டு உட்கார்ந்து மெஷினை ஓடவிட்டான். தண்ணீர் நிரம்பியது. சுற்றியது. அடித்தகட்டைத் தொட்டுப் பார்த்தான், ஜில்லென்று இருந்தது. ஹீட்டர் போயிருக்கும் என்று நினைத்தான்.

கால் மரத்துப்போக, ஒரு காலை மட்டும் இறக்கித் தரையில் ஊன்றினான். கை இன்னும் தகட்டில்தான் இருந்தது.

சுரீரென்று தோள்வரை ஏறியது.

கையை உதறிக்கொண்டு விலகி, டெஸ்டரை எடுத்தான். கதவு, தகடு, கைப்பிடி, எங்கே வைத்தாலும் எரிந்தது. ஹீட்டர் உள்ளே உடைந்து, மெஷினின் உடம்பு முழுக்கக் கரண்ட் வந்துகொண்டிருந்தது. பழைய கட்டடம், தானாக ட்ரிப் ஆகிற ஸ்விட்சும் கிடையாது. கரண்டைத் தரைக்கு இறக்க எர்த் ஒயராவது இருக்க வேண்டும்.

பிளக்கைப் பிடுங்கித் திறந்தான். பச்சை ஒயர் உள்ளே வெட்டப்பட்டிருந்தது. வெட்டிய இடத்தில் செம்பு இன்னும் பளபளத்தது.

இது தானாக அறுந்ததில்லை.

ஹாலை எட்டிப் பார்த்தான். ஸ்ரீரங்கன் ஈஸிசேரில் சாய்ந்திருந்தார். காலில் புது ரப்பர் செருப்பு. சற்றுமுன் சமையலறைக்குள்ளும் அதோடுதான் வந்து நின்றார். பக்கத்தில் நின்ற மாமிக்கு வெறுங்கால்.

படுபாவி! ஒருநாள் மாமி இந்த மெஷினைத் துடைக்கக் கைவைத்தால் போதுமே.

குரலைத் தணித்துக்கொண்டு சொன்னான். "மாமி, மெஷின் பாடி முழுக்க கரண்ட் வருது. யாரோ எர்த்தை வெட்டிக்கீறாங்க. சார் ரப்பர் செருப்பு போட்டுக்கினு நிக்கிறதாலதான் அவருக்கு ஒண்ணும் ஆவல. வெறுங்கால்ல தொட்டா ஆளே காலி."

மாமி அவனையே பார்த்தாள்.

"செருப்புதானா?"

"ஆமா மாமி. நாளைக்குப் புது ஹீட்டரோட வரேன். அதுவரைக்கும் பிளக்கைச் சொருகாதீங்க. சாராண்ட எதுவும் சொல்லாதீங்க."

"நான் ஏன் சொல்லப்போறேன்" என்றாள்.

பிளக்கை மூடித் திருகி ஜன்னல் மேடையில் வைத்தான். "நாளைக்கு ஒரு தடவை வரணும் சார்" என்று மட்டும் ஸ்ரீரங்கனிடம் சொல்லிவிட்டு வெளியே வந்தான். ஓர் உயிரைக் காப்பாற்றிவிட்ட சந்தோஷத்தில் ஷூ லேஸைக் கட்டவே கொஞ்ச நேரம் பிடித்தது.

உள்ளே மாமியின் குரல் கேட்டது. "குதிகால் வலிக்கறதுன்னு வாங்கிண்ட செருப்பு, இப்படியா அழுக்காகறது? கழட்டுங்கோ, அலம்பித் தரேன்."

ஸ்ரீரங்கன் ஏதோ முணுமுணுத்தார்.

கதவு திறந்தது. மாமி அந்த ரப்பர் செருப்பைக் கொண்டுவந்து, ஸ்டாண்டில் அவன் ஷூ இருந்த இடத்தில் வைத்தாள். அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டிருக்கவில்லை.

"பத்திரமாப் போயிட்டு வாப்பா."

கதவு மூடியது.

ஹம்மாத் பாதிப் படி இறங்கியிருப்பான். அந்த வீட்டுச் சமையலறை ஜன்னல் மாடிப்படிப் பக்கமாக இருந்தது. அதன் வழியே மெஷினுக்குள் தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்டது.

பிறகு மாமியின் குரல், அவன் கேட்டதிலேயே இனிமையாக. "ஏன்னா, மெஷின் நன்னா ஓடறது. சூடாகறதான்னு கையை வெச்சுப் பாருங்கோ."

அப்போதுதான் அவனுக்கு மணை நினைவுக்கு வந்தது. அவன் மெஷினைத் தொடுவதற்கு முன்பே போட்ட மணை. காலையும் மேலேயே வைத்துக்கொள்ளச் சொல்லிப் போட்ட மணை.

திரும்பி ஓடினான். மணியை அழுத்தினான். மறுபடியும் அழுத்தினான். விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே நின்றான்.

யாரென்று பார்க்கச் சொல்லி உள்ளேயிருந்து யாரும் கத்தவில்லை.