ஒரே அடியில் விழுந்த ஜேர்மானியன்

"ஒரு அடிக்கே விழுந்திட்டியளே. நான் இவ்வளவு சனத்தையும் கூட்டிக்கொண்டு வந்தது இதைப் பாக்கவோ?"

கூடாரத்துக்குள் மக்டலீன் பொரிந்து தள்ளினாள். அவள் கணவன் பீலிக்ஸ், முகத்தில் ஒட்டியிருந்த மஞ்சள் தாடியை மெதுவாக உரித்துக்கொண்டிருந்தான்.

கொலோனுக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். கோடை வந்தால் அங்கே ரோமர் விழா. ஊர்ச் சங்கத்துக்காரர் பழங்கால உடுப்புப் போட்டு மரவாளால் சண்டை பிடிப்பார்கள். எல்லோருக்கும் ரோமராக வரத்தான் ஆசை. மினுங்குகிற தலைக்கவசம் அவர்களுக்குத்தானே. ஜேர்மானியருக்குத்தான் ஆள் தட்டுப்பாடு.

அப்படித்தான் யாழ்ப்பாணத்து பீலிக்ஸ் ஜேர்மானியன் ஆனான். ஒவ்வொரு வருடமும் ரோமரிடம் தோற்பது அவன் வேலை.

2009இல் மட்டும் கதை மாறியது. ஜேர்மானியக் குடிகள் காட்டுக்குள் வைத்து ரோமரின் மூன்று பெரும்படைகளை அழித்து அந்த வருடத்தோடு இரண்டாயிரம் ஆண்டு. அதனால் இம்முறை ரோமத் தளபதி விழ வேண்டும், ஜேர்மானியத் தலைவன் வெல்ல வேண்டும். தலைவன் வேடம் பீலிக்ஸுக்கு.

மக்டலீன் விடுவாளா? தமிழ்ச் சங்கம் முழுக்கச் சொல்லிவிட்டாள். பரராசசிங்கம் அண்ணை வீடியோ கமராவோடு முன்வரிசையில் இடம் பிடித்துவிட்டார்.

சண்டை தொடங்கியது. தளபதி வேடத்தில் எழுபது தாண்டிய வேர்னர். அவர் வீசிய வாள் பீலிக்ஸின் தோளில் பட்டும் படாமலும் போனது.

பீலிக்ஸ் மரம் சாய்ந்தது போல விழுந்தான். பிறகு அசையவே இல்லை.

வேர்னர் திகைத்துப்போய் நின்றார். சனம் வயிறு குலுங்கச் சிரித்தது.

"இரண்டாயிரம் வருசச் சரித்திரத்தையே தம்பி மாத்திப்போட்டான்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டு போனார் பரராசசிங்கம் அண்ணை.

"அண்ணை இனி இதை ஒவ்வொரு கலியாண வீட்டிலும் போட்டுக் காட்டுவார்" என்றாள் மக்டலீன், கூடாரத்துக்குள். "ஏன் விழுந்தனீங்கள்?"

"கால் சறுக்கிட்டுது."

"காய்ஞ்ச புல்லு. அதில என்னெண்டு சறுக்கும்?"

அவன் தாடியின் மீதியை உரித்தெடுத்தான்.

அப்போது கூடாரத் துணியை விலக்கிக்கொண்டு வேர்னரின் மனைவி ஹெல்கா உள்ளே வந்தாள். நேரே போய் பீலிக்ஸின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். ஜேர்மன் மொழியில் படபடவென்று பேசினாள்.

"மாசி மாதம் அவருக்கு இடுப்பு மூட்டு மாற்றினார்கள். விழவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஊர்ச் சங்கத்துக்குத் தெரிந்தால் வேடம் போய்விடும் என்று அவர் ஒருவருக்கும் சொல்லவில்லை. என்னையும் சொல்ல விடவில்லை. இன்றைக்கு விழுகிறதென்றே வந்தார். உங்களுக்கு யார் சொன்னது?"

பீலிக்ஸ் சிரித்தபடி, ஒருவரும் சொல்லவில்லை என்று தலையை ஆட்டினான். ஹெல்கா அவனை இறுகக் கட்டிப்பிடித்துவிட்டுப் போனாள்.

மக்டலீனின் குரல் இறங்கிவிட்டது. "ஒருத்தரும் சொல்லேல்லையெண்டால் உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"சண்டைக்கு வந்த மனுசன் என்னைப் பாக்கேல்லை, மக்டலீன். எந்த இடத்தில விழுந்தால் நோகாது எண்டு நிலத்தையெல்லோ பாத்துக்கொண்டு நிண்டவர்."