நாலு மணிச் சுருதி

"இதைக் கிட்டார்னு வெளியில சொல்லிடாதீங்க. நமக்கு இந்தத் தெருவுல இன்னும் கொஞ்சம் மரியாதை மிச்சமிருக்கு" என்றாள் சின்னவள்.

அவள் கணவர் கோபப்படவில்லை. எரிந்துபோன மோட்டார்களுக்குப் புதிதாகச் செம்புக் கம்பி சுற்றிக் கொடுப்பது அவர் தொழில்; எல்லாருக்கும் அவர் வைண்டிங்காரர். பழைய அலமாரிக் கதவை அறுத்து அவரே செய்த கிட்டார் அது. முதலில் சுமாராகப் பேசத்தான் செய்தது. அதோடு விட்டிருக்கலாம். சத்தம் போதவில்லை என்று, தந்திகளுக்கு அடியிலிருந்த காந்தச் சுருளில் மூன்று பங்கு கம்பியை ஏற்றினார். இடம் பற்றாமல், இரைச்சலைத் தடுக்கும் தகட்டையும் கழற்றிப் போட்டார். அன்றிலிருந்து ஸ்பீக்கரில் 'ஙொய்' என்று ஓர் இரைச்சல்தான். தந்தியின் சத்தமெல்லாம் அதற்குள் முங்கிப்போனது.

ஆசையாகச் செய்ததைத் தூக்கிப்போட மனசு வருமா? மடியில் படுக்கவைத்துத் தாளம் தட்டிப் பார்த்தார். தகர டப்பா தேவலாம்போல் இருந்தது. கரண்டிக் காம்பால் தந்தியை வழித்துப் பார்த்தார். எதிர்வீட்டு நாய் பதில் சொன்னது.

கடைசியில் சின்னவள்தான் அதற்கு ஒரு வேலை கண்டுபிடித்தாள். ஒரு நாள் சாயங்காலம் நாலு மணிக்கு, கை ஓய்ந்து உட்கார்ந்தவள், அந்த இரைச்சலோடு சேர்ந்து மெல்ல முனகிப் பார்த்தாள். பகலெல்லாம் ஏறி இறங்கி உயிரை வாங்கிய இரைச்சல், அவள் பாடப் பாட அடங்கி, இழுத்துப் பிடித்தாற்போல் ஒரே சுருதியில் நின்றது. மறுநாள் நாலு மணிக்கும் அப்படியே. கணவரிடம் சொன்னாள். சூடேறி ஒரு ஒழுங்குக்கு வருகிறது போலிருக்கிறது என்றார் அவர். அந்த நேரத்தில் அவர் கடையில் இருப்பார், காதால் கேட்டதில்லை.

சின்னவளுக்குக் குரல் நல்ல குரல்தான். பிடித்துக்கொள்ளச் சுருதி இல்லாவிட்டால் வழுக்கிவிடும். இரண்டு வருஷத்துக்கு முன் உறவினர் வீட்டு விசேஷம் ஒன்றில் அப்படித்தான் வழுக்கியது. மாடியில் குடியிருந்து தையல் வேலை செய்யும் ஓர்ப்படி, கணவரின் அண்ணன் மனைவி, அத்தனை பேர் நடுவில், "இவ பாட்டைக் கேட்டா தைச்ச துணிகூடக் கிழிஞ்சிடும்" என்று சொல்லிவைத்தாள். எல்லாரும் சிரித்தார்கள். அன்று நின்றது பெரியவளோடு பேச்சு. பாட்டும்தான். மாடிப்படியில் எதிர்ப்பட்டால் ஒருத்தி சுவரைப் பார்ப்பாள், இன்னொருத்தி செருப்பைப் பார்ப்பாள்.

இந்த ஒன்றரை மாத நாலு மணிகள்தான் அவள் வாயைத் திரும்பத் திறந்தன. பாட்டுக் குழு ஒன்றில் ஓர் இடம் காலியாக இருந்தது. சனிக்கிழமை ஒரு மண்டபத்தில் தேர்வு. சுருதிக்கு எதை வேண்டுமானாலும் கொண்டுவரலாம் என்று சொல்லியிருந்தார்கள்.

"அங்கயும் சிரிச்சாங்கன்னா, அதுக்கப்புறம் நான் பாடவே மாட்டேங்க" என்றாள் கணவரிடம்.

வியாழக்கிழமை அவர் கடையை அடைத்தார். கிட்டாரைத் தலையணை உறைக்குள் போட்டு, ஸ்பீக்கரையும் தூக்கிக்கொண்டு, ஒத்திகை பார்க்க இருவரும் அந்த மண்டபத்துக்குப் போனார்கள். அங்கே அது மூச்சுக் காட்டவில்லை. திருகினார், தட்டினார், கெஞ்சக்கூடச் செய்தார். கல்லுளிமங்கன் மாதிரி கிடந்தது. சுருதி இல்லாமலே பாடிப் பார்த்தாள். மூன்றாவது அடியில் குரல் வழுக்கியது.

கிட்டாரைத் திரும்ப உறைக்குள் திணித்துக்கொண்டு கிளம்பினார்கள். வீட்டுக்குள் நுழையும்போது மணி நாலு. பழக்க தோஷத்தில் பிளக்கை மாட்டிவிட்டு அவள் வாயைத் திறந்தாள். ஒன்றுமே நடக்காததுபோல் அதுவும் கூடவே முனகியது.

வைண்டிங்காரர் கையமர்த்தி அவளை நிறுத்தச் சொன்னார். தந்திகளைத் தளர்த்தினார், முனகல் நிற்கவில்லை. கிட்டாரைத் தரை பார்க்கக் கவிழ்த்தார், குறைந்தது. கூரை பார்க்க நிமிர்த்தினார், கூடியது. முப்பது வருஷமாக மோட்டாரோடு குடித்தனம் நடத்துகிற மனுஷர். முகம் மாறிப்போயிற்று.

"இது கிட்டார் சத்தமே இல்ல. மேல ஓடுற மோட்டார். நான் சுத்தி வச்ச லட்சணத்துக்கு, அண்ணியோட தையல் மிஷின் இரைச்சலை இது பிடிச்சு இழுக்குது."

சின்னவள் நிமிர்ந்து கூரையைப் பார்த்தாள்.

"அவ மிஷின் சத்தத்துலயா இத்தனை நாள் பாடிக்கிட்டிருந்தேன்?"

"அவங்களுக்கு என்ன தெரியும், பாவம். அவங்க வேலையை அவங்க பாக்குறாங்க. மிஷினை நான் மண்டபத்துக்குத் தூக்கிட்டு வந்துடுவேன். ஓட்ட ஆள் வேணுமே. நீதான் போய்க் கேக்கணும்."

"துணி கிழியும்னு சொன்னவகிட்டயா?"

"சனிக்கிழமைக்கு வேற வழி இருந்தா சொல்லு."

வழி இல்லை. பதினாலு படி. 'அக்கா' என்ற ஒரு வார்த்தையைத் தொண்டைக்குள் வைத்து உருட்டிக்கொண்டே ஏறினாள். இரண்டு வருஷமாக எடுக்காத வார்த்தை; துருப்பிடித்துக் கிடந்தது.

கதவு ஒருக்களித்திருந்தது. பெரியவள் முதுகைக் காட்டி உட்கார்ந்து, காதைத் தரைப்பக்கம் சாய்த்து, கீழே நின்றுபோன பாட்டு திரும்பத் தொடங்குவதற்காகக் காத்திருந்தாள். மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது. ஊசியில் நூல் இல்லை, அதனடியில் துணியும் இல்லை. துணி இருந்தது மோட்டாரை ஓட்டும் கால் பெடலுக்குக் கீழேதான், அந்த ஒரு சுருதியைத் தாண்டி பெடல் அமுங்கி வேகம் ஏறிவிடாதபடி நாலாக மடித்துச் செருகியிருந்தது.