நடுவில் வரும் குரல்

ஆபீஸ் சாப்பாட்டு மேசையில் ஸ்பீக்கரை வைத்துக்கொண்டு, இந்த வருடத்தின் சிறந்த பாட்டு எது என்று எல்லோரும் கத்திக்கொண்டிருந்தார்கள். இளவஞ்சி டப்பாவைத் திறக்கவே இல்லை.

"பீட்டை விடு மச்சி. நடுவுல ஒரு பொம்பள குரல் இழுக்குது பாரு, அதுக்கே அவார்டு குடுக்கலாம்" என்றான் ரோஷன்.

"அது கம்ப்யூட்டர்ல செஞ்சதுடா. எந்த மனுஷியால அவ்ளோ நேரம் மூச்சு விடாம இழுக்க முடியும்?" என்றாள் தீக்ஷா.

"எங்கம்மாவால முடியும்" என்றாள் இளவஞ்சி. "எங்கண்ணன் பொணத்தத் தூக்கும்போது அவங்க அழுதது அது. துக்கத்துக்கு வந்த எவனோ போன்ல புடிச்சு நெட்ல போட்டான். அத வெட்டி இதுல ஒட்டியிருக்கானுங்க. எங்கள ஒரு வார்த்த கேக்கல."

ரோஷனின் கண்கள் பளபளத்தன.

"ஐயோ, நிஜமாவா? அப்ப சந்தேகமே இல்ல, இதுதான் ஃபர்ஸ்ட். அம்மாவுக்கு வாழ்த்து சொல்லுப்பா!"

தீக்ஷாவும் ஒத்துக்கொண்டாள். யாரோ கைதட்டினார்கள். "இன்னொரு தடவ போடு, இப்ப வேற மாதிரி கேக்கும்."

பாட்டு மறுபடி ஓடியது. அந்த இடம் வருவதற்குள் இளவஞ்சி எழுந்து, ஸ்பீக்கரின் வாயை உள்ளங்கையால் இறுகப் பொத்தினாள். குரல் வந்ததும் கைக்குள் அம்மா முட்டினாள். எடுத்தால் இத்தனை பேர் முன்னால் அழுவாள். எடுக்காவிட்டால் மூச்சுத் திணறிப் போவாள்.

"ஏய், விளையாடாத, கைய எடு" என்று சிரித்துக்கொண்டே தீக்ஷா அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கத் தொடங்கினாள்.