பல் பட்ட பூஜ்யம்

ஒர்க்‌ஷாப்பின் தகரக் கூரை ஓட்டை வழியாக இறங்கும் வெயில், காரின் பானெட்டில் வைத்த கேக்கின் மேல் வட்டமாக விழுகிறது. மெக்கானிக்குக்கு இன்று நாற்பது. எண் வடிவில் புது மெழுகுவத்தியாக நாலு நிற்கிறது. அதன் பக்கத்தில் முப்பதாவது பிறந்தநாளில் ஏற்றாமல் விட்ட பழைய பூஜ்யம். சாக்லேட் என்று நினைத்து அன்று நண்பன் கட்டையன் அதைக் கடித்துவிட்டான். அவன் முன்பற்களின் தடம் இன்னும் அப்படியே இருக்கிறது. கட்டையன் போன மழைக்காலத்தில் இறந்துவிட்டான். “பத்து வருஷமா அப்படியே இருக்கறது நாம மட்டும் இல்லடா, இதுவும்தான்” என்று இன்னொரு நண்பன் சோடாபுட்டி லைட்டரைத் தட்டுகிறான். அவன் இன்னும் அக்கா வீட்டு மாடியறையில்தான் இருக்கிறான். மெக்கானிக் இன்னும் அடுத்தவன் ஒர்க்‌ஷாப்பில்தான் ஸ்பேனர் பிடிக்கிறான். நாலு பற்றிக்கொள்கிறது. லைட்டர் பூஜ்யத்தை நெருங்கும்போது மெக்கானிக்கின் கிரீஸ் படிந்த கை அதை மூடிக்கொள்கிறது.

“கைய எடுடா. நாலு வயசுப் பாப்பான்னு நெனைக்கப் போறாங்க.”

“நெனைச்சுட்டுப் போகட்டும்.”

“கை வெந்துடும்டா, லூசு!”

“இது உருகிட்டா அவன் பல்லுக்கு நான் எங்கடா போவேன்?”

சிரிக்கத் திறந்த சோடாபுட்டியின் வாய் மூடத் தெரியாமல் நிற்கிறது. அவன் கண்ணாடியில் ஒற்றைச் சுடர் ஆடுகிறது. நாலின் மெழுகு மெக்கானிக்கின் விரல்மேல் சொட்டுகிறது. மெக்கானிக் ஊதி அணைக்கவும் இல்லை, கையையும் எடுக்கவில்லை.